சுவரில் இல்லாத ஜன்னல்

சனிக்கிழமை காலையில் ரொட்டி மாவைப் பிசைந்து மூடிவைத்த கையோடு, ஹெட்டி கிரீவ் ஜன்னலைத் துடைக்க உட்காருவாள். சுவரில் இருக்கும் ஜன்னல்களை அல்ல. அவற்றை வசந்தத்தில் ஒரு முறை, குளிர் தொடங்குமுன் ஒரு முறை துடைத்தால் போதும். இது அவள் கணவர் எல்வுட்டின் வரைபட மேஜைக்கு அடியில், குதிரைப் போர்வையில் சுற்றிக் கிடக்கும் ஜன்னல். ஒடுக்கமான இரண்டு கதவுகள். ஈயப் பட்டையால் இணைத்த பச்சையும் பொன்னுமான கண்ணாடித் துண்டுகள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் சோளப் பயிர் நிமிர்ந்து நிற்பதுபோல் இருக்கும். வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, பழைய செய்தித்தாளால் ஈரத்தை ஒற்றி, மறுபடியும் போர்வையில் சுற்றி உள்ளே தள்ளிவிடுவாள்.

"எங்கேயும் போகாத ஜன்னலுக்கு இவ்வளவு அழுக்கு எங்கேர்ந்து வருது ஹெட்டி?" என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்த நான் ஒரு நாள் கேட்டேன்.

"எல்லாம் எல்வுட்டோட விரல்," என்றாள்.

அந்தக் கதவுகள் இருக்கவேண்டிய இடம் மேட்டுத் தெருவில் கான்ராட் டெட்வைலர் வீட்டு முன்னறை. அங்கே அவற்றைத் திரும்ப மாட்ட வேண்டும். வாழ்க்கையின் பின்பாதி முழுவதும் எல்வுட் கிரீவ் வேறு எதற்காகவும் யாரிடமும் போய் நின்றதில்லை.

அவர் சேணம் தைப்பவரின் மகன். அப்பாவின் தொழில் பிடிக்காமல் இளம் வயதிலேயே சிகாகோவுக்கு ரயிலேறினார். ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் அங்கே இருந்த பையன்களுக்கெல்லாம் ஒரே வெறி. நம் சமவெளி பாய் விரித்ததுபோல் கிடக்கிறது. அதில் வீடு மட்டும் ஏன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்? வீடும் தரையோடு படுக்கட்டும். கூரை தாழ்வாக, சுவரைத் தாண்டி நீளும் இறவாணம் அகலமாக, ஜன்னல்கள் ஒரே வரிசையாக, நடுவில் குளிர்காயக் கணப்பு. பரண் வேண்டாம், நிலவறை வேண்டாம். முக்கியமாக, விருந்தாளிகளுக்கென்று மூடி வைக்கும் பார்லர் வேண்டாம்.

இந்த வெறியோடு அவர் அயோவாவுக்குத் திரும்பி எங்கள் ஊரில் போர்டு மாட்டியபோது, இங்கே வீடுகள் எல்லாம் உயரமும் ஒடுக்கமுமாக இருந்தன. முன்கதவைத் திறந்தால் நேராக ஒரு நடை. வலது பக்கம் பார்லர். அதன் திரைச்சீலைகள் பாதிரியார் வந்தால் விலகும். யாராவது செத்தால் விலகும். மற்ற நாளில் அங்கே பியானோவும் தூசியும்தான்.

"வீட்டிலேயே நல்ல அறையைப் பிணத்துக்கு ஒதுக்கிட்டு, உயிரோட இருக்கறவங்க சமையலறையில முட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க," என்று மாதர் சங்கக் கூட்டத்திலேயே எழுந்து சொன்னார் எல்வுட். கையில் காபிக் கோப்பையோடு இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர்தான் பிறகு வீடு கட்டச் சொன்னார்கள்.

நன்றாகத்தான் கட்டினார். டாக்டர் வீடு, வெண்ணெய் ஆலைக்காரர் வீடு, ஆற்றங்கரையில் இரண்டு ஆசிரியைகள் சேர்ந்து கட்டிக்கொண்ட சின்ன வீடு. நாற்காலியும் அவரே வரைவார், விளக்கும் அவரே. குடிபோன பிறகும் விடமாட்டார். விருந்துக்குப் போன இடத்தில் பேசிக்கொண்டே பூ ஜாடியை நகர்த்தி வைப்பார். டாக்டரின் மனைவி ஒரு முறை, "மிஸ்டர் கிரீவ், என் கணவரும் கொஞ்சம் கோணலா உக்காந்திருக்கார், அவரையும் நேராக்கிடுங்க," என்றாள். எல்வுட் உண்மையிலேயே திரும்பிப் பார்த்தாராம்.

தானிய வியாபாரி கான்ராட் டெட்வைலருக்கு அவர் கட்டியதுதான் எல்லாவற்றிலும் உசத்தி. நீளமான, தாழ்வான செங்கல் வீடு. தெருவைப் பார்த்த முன்னறையில் சோளப் பயிர்க் கண்ணாடிகள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை. மாலை வெயில் அதன்வழியே விழும்போது தரையே விளைந்து நிற்கும். ஆனால் வாசல் எங்கே என்று கேட்டால் அதுதான் தெரியாது. தெருவிலிருந்து பார்த்தால் கதவே கண்ணில் படாது. பக்கச் சுவரை ஒட்டி நடந்து, ஒரு செங்கல் தூணைச் சுற்றி, தலையில் இடிப்பதுபோன்ற தாழ்ந்த கூரைக்குள் நுழைந்து, நாலைந்து படி ஏறி, மறுபடியும் திரும்பினால் சட்டென்று அந்த அறை விரியும். அந்தச் 'சட்டென்று'க்காகத்தான் அவ்வளவு திருப்பமும் என்பார் எல்வுட். "டெட்வைலர் வீட்டுக்கு விருந்துக்குப் போறியா? காலையிலயே கிளம்பிடு," என்பது ஊரில் அப்போது ஓடிய கேலி.

கான்ராட்டின் மனைவி மின்னாவுக்கு அந்த வாசல் கடைசிவரை பிடிபடவில்லை. குடிபுகுந்த அன்றைக்கே, கையில் ஆப்பிள் பையோடு தூணை இரண்டு முறை சுற்றிவிட்டுத் தெருவுக்கே திரும்பி வந்தவள் அவள். படம் வரையும்போதே அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மிஸ்டர் கிரீவ், மத்ததெல்லாம் உங்க இஷ்டம். வாசல் மட்டும் நேரா ஒண்ணு வெச்சுடுங்க. எங்க அம்மாவை நேர் வாசல் வழியாத்தான் எடுத்துட்டுப் போனோம்."

எல்வுட் பென்சிலைக் கீழே வைக்காமலே சிரித்தார். "மிஸஸ் டெட்வைலர், நான் இந்த வீட்டைச் சாகறவங்களுக்குக் கட்டலை. வாழறவங்களுக்குக் கட்டறேன்."

கான்ராட்டும் சிரித்தார். மின்னாவும், கொஞ்சம் தாமதமாக, சிரித்தாள்.

மூன்றாவது குளிர்காலத்தில், பிப்ரவரி மாதம், நிமோனியாவில் மின்னா போய்விட்டாள்.

அடக்கத்தன்று காலை சவ அடக்கக்காரர் பிரிக்ஸ், வண்டியில் சவப்பெட்டியோடு வந்தார். நாலு பேர் தூக்கிக்கொண்டு தூண்வரை போனார்கள். தூணில் திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். தாழ்ந்த கூரை இடித்தது. பெட்டியின் மூலை செங்கல்லில் உரசி வார்னிஷ் போனதுதான் மிச்சம். சமையலறைப் பக்கம் போனார்கள். அங்கேயும் படிக்கட்டு வளைந்தது. பரணுக்குப் படி கிடையாது, நிலவறைக்குக் கதவு கிடையாது. எல்வுட் அவற்றையெல்லாம் ஒழித்திருந்தார்.

பிரிக்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கான்ராட்டிடம் மெதுவாகச் சொன்னார்: "மிஸ்டர் டெட்வைலர், கோவிச்சுக்காதீங்க. அம்மாவைப் போர்வையில சுத்தி வெளியில கொண்டுவந்து, முற்றத்துல வெச்சுப் பெட்டியில..."

"என் மின்னாவைச் சோள மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போகச் சொல்றியா?"

பிரிக்ஸ் பின்வாங்கிவிட்டார். உள்ளே சர்ச் ஜனங்கள் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தார்கள். மாதர் சங்கத்தார் பன்றித் தொடைக்கறியையும் உருளைக்கிழங்கையும் மேஜையில் பரப்பிவிட்டு, எதையோ துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்வுட் ஹெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே எழுந்து ஜன்னல் வரிசைக்குப் போனார், ஒரு தூணில் கையை வைத்தார். இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவில் நின்ற ஓக் மரத் தூண்.

"நெல்ஸ், இதை அறுத்துடு," என்றார்.

நெல்ஸ் ஓப்டால் அந்த வீட்டின் தச்சர். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவர். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. முட்டுக் கொடுத்துவிட்டு ரம்பத்தை வைத்தார். கதவுகள் இரண்டையும் எல்வுட்டே கழற்றிச் சுவரில் சாத்தினார். தூண் விழுந்ததும் பிப்ரவரிக் காற்று பனித்தூளோடு உள்ளே பாய்ந்தது. பெண்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த இடைவெளி வழியாகத்தான் பெட்டி உள்ளே வந்தது. பாட்டுப் பாடும்போது எல்லார் வாயிலிருந்தும் புகை வந்தது. அதே வழியாகத்தான், ஜன்னலுக்கு வெளியே இருந்த பூத்தொட்டிக்கு மேலாக, உள்ளே இருந்தவர்கள் தூக்கிக் கொடுக்க வெளியே இருந்தவர்கள் வாங்கிக்கொள்ள, மின்னா போனாள்.

கடைசியாக வெளியேறும்போது கான்ராட் எல்வுட்டின் முன்னால் ஒரு கணம் நின்றார்.

"நேரா ஒரு வழி கேட்டா," என்றார். "அவ்வளவுதானே கேட்டா."



அடுத்த வாரமே எல்வுட் புதுத் தூணோடு போனார். கான்ராட் வேண்டாம் என்றுவிட்டார். தூண் இல்லாமல், சோளப் பயிர் இல்லாமல், அகலமான ஒரே வெறும் கண்ணாடியாகப் போட்டுக்கொண்டார். கழற்றிய கதவுகளை எல்வுட் வீட்டுக்கு எடுத்து வந்தார். தூண் போன இடத்தில் இறவாணம் ஒரு விரல் அளவு தொய்ந்தது. வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. எல்வுட் மேட்டுத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் அந்தத் தொய்வைத்தான் முதலில் பார்ப்பார். பிறகு, வண்ணக் கண்ணாடிகளுக்கு நடுவில் கறுத்துத் தெரியும் அந்தக் கண்ணாடியைப் பார்ப்பார். நாளாக ஆக அவர் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் நேராகப் போவார். முதல் உறைபனி விழுந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு கான்ராட் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். கான்ராட் காபி கொடுப்பார். சோளம் என்ன விலை, ரயில்காரன் எவ்வளவு கொள்ளையடிக்கிறான் என்று பேசுவார்கள். எழுந்திருக்கும்போது எல்வுட் கேட்பார்: "அந்தக் கதவுகளை மாட்டிடட்டுமா மிஸ்டர் டெட்வைலர்?"

கான்ராட் ஜன்னலைப் பார்ப்பார். "இருக்கட்டும் எல்வுட்."

அதற்கு மேல் ஒரு சொல் வராது. கோபமாகச் சொன்னாலாவது பரவாயில்லை என்பாள் ஹெட்டி. தன் மேல் தீர்ப்பு எழுதி, ஊர் பார்க்கத் தெருவைப் பார்த்து மாட்டி வைத்திருக்கிறார்கள் என்றே எல்வுட் நினைத்தார்.

அதற்குப் பிறகும் அவர் வீடுகள் கட்டினார். ஆனால் ஒரு வினோதப் பழக்கம் வந்துவிட்டது. மெல்லிய சட்டங்களை அடித்து, ஆள் நீளத்துக்கு ஒரு கூடு செய்து வைத்துக்கொண்டார். கட்டும் வீட்டில் சுவர்ச் சட்டங்கள் எழும்பியதும், ஒரு முனையை அவர் பிடிக்க மறுமுனையை நெல்ஸ் பிடிக்க, அந்தக் கூட்டைப் படுக்கையறையிலிருந்து தெருவரை தூக்கிக்கொண்டு நடப்பார். இடித்தால் சுவர் நகரும்.

"இது என்ன மிஸ்டர் கிரீவ்?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள்.

"சோபா நுழையுதான்னு பாக்கறேன்."

நெல்ஸ் மறுமுனையிலிருந்து, "இதுவரைக்கும் இந்த சோபாவுல ஒருத்தரும் உக்காந்ததில்ல," என்பார். வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். எல்வுட் சிரிக்கமாட்டார். ஒரு முறை, புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி விளையாட்டாக, "நான் படுத்துப் பாக்கட்டுமா?" என்று கூட்டுக்குள் காலை வைத்தாள். எல்வுட் அவளைக் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் அவள் வளையல் உடைந்தது. அந்த வீட்டுக்காரர்கள் வேறு ஆர்க்கிடெக்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

வீடுகளும் மாறின. வாசல் நேரானது, நடை அகலமானது. வளைவு எதுவும் பாக்கி இல்லை. அந்தச் 'சட்டென்று'ம் இல்லை. சிகாகோவிலிருந்து பழைய கூட்டாளி ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா உறுதியா இருக்கு. ஆனா இதை யாரு வேணா கட்டலாமே எல்வுட்," என்றார். எல்வுட் அவருக்கு ரொட்டியை நகர்த்தி வைத்தார்.

ஹெட்டி வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறவள். "நீ வீடு கட்டறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு எல்வுட். வழி கட்டறே. அதைச் சுத்தி நாலு சுவர் வெக்கறே."

"வழி முக்கியமில்லையா?"

"வழியில யாரு குடியிருப்பா?"

உலகப் போர் முடிந்ததோடு தாழ்ந்த கூரையின் மோகமும் முடிந்தது. எல்லாருக்கும் வெள்ளைத் தூணும் ஜன்னலுக்குப் பச்சை ஷட்டரும் வேண்டியிருந்தன. அதற்குப் பின் வந்த பஞ்ச காலத்தில் எதுவுமே வேண்டியிருக்கவில்லை. எல்வுட் பெட்ரோல் பங்குக்குப் படம் போட்டார், கோழிக் கொட்டகைக்குப் படம் போட்டார். ஹெட்டி மாடியறையில் ஒரு தட்டச்சு டீச்சரை வாடகைக்கு வைத்தாள். சவ அடக்கக்காரர் பிரிக்ஸின் மகன் கடைவீதியில் பெரிய மண்டபம் கட்டினான். செத்தவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கே போனார்கள். வீட்டில் யாரும் யாரையும் கிடத்துவதில்லை. எல்வுட்டின் கூட்டுக்கு இனி வேலையே இல்லை. ஆனாலும் அது வரைபட அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் இருந்தது. தட்டச்சு டீச்சர், அந்தக் கதவு திறந்திருந்தால் மாடிக்குப் போகவே பயமாக இருக்கிறது என்றாள். ஹெட்டி அதன் மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடினாள். பிறகு இன்னும் மோசமாகத் தெரிகிறது என்று எடுத்துவிட்டாள்.

போன அக்டோபரில் டெலிபோன் வந்தது. கான்ராட்டின் மகள் லொரீனா. மினியாபொலிஸிலிருந்து வந்திருந்தாள்.

"மிஸ்டர் கிரீவ், அப்பாவை என்கூட அழைச்சுட்டுப் போறேன். தனியா விட முடியலை. வீட்டை விக்கப்போறோம். வாங்கறவருக்கு ஜன்னல் எல்லாம் பழையபடி வேணுமாம். அந்தக் கதவுகள் உங்ககிட்ட இருக்கா?"

எல்வுட் டெலிபோனை வைத்த பிறகும் அதன் பக்கத்திலேயே நின்றாராம். சனிக்கிழமை இல்லை, இருந்தாலும் ஹெட்டி வினிகரை எடுத்தாள்.

மறுநாள் காலை நெல்ஸின் டிரக்கில் புதுத் தூணையும் போர்வை மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். உதவிக்கு ஹெட்டியும் போனாள். இனி நான் சொல்வது அவள் சொன்னது. எல்வுட் சுத்தமான காலர் போட்டிருந்தார். செங்கல் தூணைச் சுற்றி, தாழ்ந்த கூரைக்குள் நுழைந்து, படி ஏறித் திரும்பியதும் அறை சட்டென்று விரிந்தது. "பாத்தியா?" என்று ஹெட்டியின் காதில் மெதுவாகச் சொன்னார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவர் குரலில் அந்த இளம் வயது கேட்டதாம்.

கணப்புக்குப் பக்கத்தில், சுவரோடு சேர்த்து அடித்திருந்த பெஞ்சில் கான்ராட் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் துணிப் பெட்டி. லொரீனா காரில் சாமான் ஏற்றப் போயிருந்தாள். அந்த வெறும் கண்ணாடிக்கு நேர் எதிரே அவர் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் பலகை தேய்ந்து குழிந்திருந்தது.

"மாட்டப்போறியா?" என்றார் கான்ராட்.

"லொரீனா சொன்னாங்க மிஸ்டர் டெட்வைலர். நீங்க சொன்னாத்தான் மாட்டுவேன்."

"அவ சொல்லுவா. வீடு விக்கணுமில்ல."

நெல்ஸ் உளியை எடுத்துவிட்டு, மறுபடியும் பையில் போட்டார். எல்வுட் போர்வையைப் பிரித்து ஒரு கதவைக் கையில் தூக்கினார். கண்ணாடியின் பச்சை அவர் சட்டைக் கையில் விழுந்தது. அப்போதுதான், இத்தனை வருஷம் காபியோடு சேர்த்து விழுங்கியதை வெளியே விட்டார்.

"நீங்க எனக்குக் கொடுத்த தண்டனை சரிதான். நான் ஒத்துக்கறேன். அவங்க கேட்டதை நான் கொடுத்திருக்கணும். ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க, போதும்னு."

கான்ராட் அவரை நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே விளங்காமல் பார்த்தார்.

"தண்டனையா? உனக்கா?"

"அந்தக் கண்ணாடி."

"எல்வுட், உன்னைப் பத்தி நான் எங்கே நினைச்சேன்?" என்றார் கான்ராட். அதில் கிண்டல் இல்லை. "அன்னிக்கு ஏதோ சொன்னேன். பொண்டாட்டி செத்தவன் என்னென்னவோ சொல்லுவான். அதையா இத்தனை நாளா தூக்கிட்டுத் திரிஞ்சே?"

எல்வுட் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"அது மின்னாவுக்காக விட்டது," என்றார் கான்ராட், மழை வருமா என்று பேசும் குரலில். "அவ அந்த வழியா வருவா. தினமும் இல்ல. பனி இறங்குற நாள்ல. பூத்தொட்டிகிட்ட வந்து நின்னு உள்ள பாப்பா. நான் இருக்கேனான்னு பாத்துட்டு வருவா. முன்வாசல்தான் அவளுக்குப் பிடிபடலையே! உயிரோட இருக்கறப்பவே தூணைச் சுத்திட்டுத் தெருவுக்குப் போயிடுவா. ஞாபகம் இருக்கா, பையைக் கையில வெச்சுக்கிட்டு?"

"இருக்கு," என்றாள் ஹெட்டி.

"போன வழிதான் அவளுக்குத் தெரியும். அந்தக் கலர் கண்ணாடி இருந்தா உள்ள தெரியாதில்ல. அதான் இருக்கட்டும்னேன்."

வெளியே லொரீனா காரின் ஹாரனை அடித்தாள். நெல்ஸ் எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டார். கான்ராட் பெஞ்சின் கைப்பிடியை அழுத்தி எழுந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். வெறும் கண்ணாடிக்கு வெளியே புல்தரை வெளுத்துக் கிடந்தது. அந்த வருஷத்தின் முதல் உறைபனி.

"அவளுக்கு மினியாபொலிஸ் தெரியாது. போனதே இல்ல. இங்கதான் வந்து நிப்பா," என்றார். எல்வுட்டின் கையில் இருந்த கதவை விரலால் தொட்டார். "அழகாத்தான் இருக்கு. அவளுக்கும் இது பிடிக்கும். நீதானே இந்த வீட்டைக் கட்டினவன், நீயே சொல்லு. இதை மாட்டிட்டா, அவ எந்த வழியா உள்ள வருவா?"

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. கட்டியவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றார். எல்வுட்டின் கண்கள் ஜன்னல் வரிசையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போயின, செங்கல்லில் போயின, தரையில் போயின.  கையில் இருந்த கதவை மெல்லப் போர்வையின் மேல் இறக்கி வைத்தார்.

ஹாரன் மறுபடியும் அடித்தது. கான்ராட் இன்னும் சற்று நின்றார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, திருப்பத்தில் செங்கல் சுவரைக் கையால் தடவித் தடவிப் படியிறங்கிப் போனார்.